கால் விரலைப் பார்க்கிறவள்

எங்கள் தோட்டத்தில் பதினாலு வீடுகள். கொட்டாஞ்சேனையில் தோட்டம் என்றால் செடி கொடியைத் தேடக் கூடாது. ஒரு சந்து, இரண்டு தண்ணீர்க் குழாய், எதிரும் புதிருமாகப் பதினாலு கதவு, அவ்வளவுதான். அதில் ஒன்பது வீட்டுப் பெண்களுக்குப் பிரசவ நேரத்தில் பக்கத்தில் நின்று கையைப் பிடித்தவள் மயிலம்மாக்கா. பத்தாவது ஆள் நான். கல்யாணமாகி இந்தச் சந்துக்குள் வந்த மாதமே அந்த இடத்தை எனக்கென்று மனதுக்குள் ஒதுக்கி வைத்துவிட்டேன். அக்காவிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. பொகவந்தலாவைப் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்து, பத்தொன்பது வயதில் கொழும்புக்கு வீட்டு வேலைக்கு வந்தவள். புறக்கோட்டையில் மூட்டை தூக்கிய பழனிமுத்துவைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டாள். அவர் காலமாகி ஏழு வருடமாகிறது. ஒரே மகன் ஜீவராஜ் கட்டாரில் இருக்கிறான். அவனைப் பெற்ற காலத்தில் லேபர் ரூமுக்குள் வெளி ஆள் யாரையும் விடமாட்டார்களாம். பழனிமுத்து கேட்டுக்கு வெளியே நின்றார், அக்கா உள்ளே தனியாகக் கிடந்தாள். “எனக்கு அன்னைக்கு கட்டில் கம்பிதான் தொண,” என்று சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். கேட்கிற நமக்குச் சிரிப்பு வராது. பிறகு ஒரு பெண் துணைக்கு வரலாம் என்று ஆனதிலிருந்து, யார் கூப்பிட்டாலும் வேலை செய்யும் வீட்டில் லீவு சொல்லிவிட்டுப் போய் நின்றாள்.

அவளிடம் ஒரு விசித்திரமான பழக்கம் உண்டு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு யாராவது வந்து நின்றால் முகத்தைப் பார்க்கமாட்டாள். குனிந்து காலைப் பார்ப்பாள். ஏன் என்று கேட்டால், செருப்பை மாற்றிப் போட்டிருக்கிறாளா என்று பார்த்தேன் என்பாள். நாங்களும் நம்பிவிட்டோம்.

எனக்குப் பிரசவம் என்றால் பயம். பன்னிரண்டு வயதில் மஸ்கெலியா எஸ்டேட்டில், எங்கள் லயத்து வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தி ஒரு பகல் முழுக்கக் கத்தியதைக் கேட்டுக்கொண்டு வீட்டில் தனியாக இருந்தேன். என் அம்மா அப்போதே குவைத்துக்குப் போயிருந்தாள். இப்போதும் அங்கேதான். போனில் முகம் பார்க்கலாம், கையைப் பிடிக்க முடியாது. என் கணவர் கிருபாகரன் ஓட்டோ ஓட்டுகிறார். நல்ல மனிதர், ஆனால் அரசாங்க ஆஸ்பத்திரியில் எங்கள் மாதிரி ஆட்களின் லேபர் ரூமுக்குள் ஆம்பிளைகளுக்கு இடமில்லை. ஆக எனக்கு இருந்தது மயிலம்மாக்கா ஒருத்திதான். என் சொத்து என்று நான் கணக்கில் வைத்திருந்ததும் அவளைத்தான்.

ஏழாம் மாதத்தில் கிளினிக்கில் வகுப்பு வைத்தார்கள். துணைக்கு வரப்போகிற பெண்ணையும் கூட்டி வரவேண்டும், அட்டையில் அவள் பெயரை எழுதவேண்டும் என்று சாமினி மிஸ் சொல்லியிருந்தார். அவர்தான் எங்கள் பகுதி மிட்வைஃப். சிங்களமும் தமிழும் கலந்து அடித்தாலும் எல்லோருக்கும் விளங்கும்படி சொல்லிவிடுவார். மூச்சு எப்படி விடுவது, பையில் என்னென்ன வைப்பது, முதுகை எந்த இடத்தில் அழுத்திவிடுவது என்று அன்றைக்கு நடந்தது. பாயில் கிடந்து மூச்சு விட்டுப் பார்த்தோம். நாங்கள் மூச்சு விடுவதைப் பார்த்து எங்களுக்கே சிரிப்பு வந்தது.

இடைவேளையில் பேச்சு துணை ஆட்களைப் பற்றித்தான். பக்கத்துப் பாயில் இருந்த ரபீக்காவுக்கு வேறு மாதிரிப் பிரச்சினை. அவளுடைய உம்மாவும், உம்மாவின் தங்கை சாச்சியும் நான்தான் வருவேன் என்று இரண்டு பேரும் பிடிவாதமாம், வீட்டில் ஒரு வாரமாக ஆளுக்கொரு பக்கம் முகம் தூக்கிக்கொண்டு திரிகிறார்களாம். நிருஷாவுக்கு மாமியார் வருகிறார். வலியில் வாயில் ஏதாவது வந்துவிட்டால் காலத்துக்கும் சொல்லிக்காட்டுவாரே என்று அவள் கவலைப்பட்டாள்.  மயிலம்மாக்கா என் பக்கத்தில் இருந்து எல்லோருடைய காலையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைத் தெரியாத ஆள் அங்கே இல்லை. எத்தனை பேருக்கு என் மேல் பொறாமையாக இருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். நல்ல சந்தோஷம். அந்தச் சந்தோஷம்தான் பின்னால் என்னைப் பாடாய்ப் படுத்தியது.

அக்கா வேலைக்குப் போகிற வீடு வெள்ளவத்தையில் இருந்தது. கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் ஐந்தாம் மாடி. அங்கே சுபோதினி என்று ஒரு பெண். யாழ்ப்பாணத்து ஆட்கள். வங்கியில் வேலை. கணவன் கார்த்திகன் கப்பலில் இஞ்சினியர். கல்யாணமாகி ஆறு வருடத்துக்குப் பிறகு அவளும் உண்டாகியிருந்தாள். எனக்கும் அவளுக்கும் ஒரே மாதத்தில் பிரசவ டேட். அக்கா பின்னேரம் திரும்பி வந்து குழாயடியில் கால் கழுவும்போதே கதை தொடங்கிவிடும். சுபோதினி மிஸ் இன்றைக்குப் பெரிய பந்து ஒன்றில் உட்கார்ந்து பயிற்சி செய்தது. மிஸ்ஸுக்குத் தனி அறை பதிவாகிவிட்டது. அங்கே புருஷனே உள்ளே வந்து நிற்கலாமாம், கப்பலிலிருந்து லீவு எடுத்து வருகிறாராம். நான் உம் கொட்டுவேன். உள்ளே புகையும். புருஷன், தனி அறை, பந்து எல்லாம் அவளுக்கு. எனக்கு மயிலம்மாக்கா இருக்கிறாள் என்று சொல்லித்தான் ஒவ்வொரு நாளும் மனதைத் தேற்றினேன்.

ஒரு சனிக்கிழமை அக்கா என்னையும் அங்கே கூட்டிப்போனாள். பிள்ளைக்குப் பழைய துணி தருவதாக அந்தப் பெண் சொல்லியிருந்தாள். போனால் லிஃப்டுக்குள் கண்ணாடி. அதில் என் வீங்கிய முகத்தைப் பார்த்துக்கொண்டே மேலே போனேன். சுபோதினி நல்ல நிறம், அமைதியான குரல். செவ்விளநீரை இரண்டு கிளாஸில் ஊற்றி எனக்கு முதலில் தந்தாள். வயிறு இறங்கிவிட்டதா, இரவில் நித்திரை வருகிறதா என்று கேட்டாள். பிறகு துணைக்கு ஆள் யார் என்று பேச்சு வந்தது.

“உங்களோட உள்ளுக்கு ஆர் வாறது?” என்றாள்.

“மயிலம்மாக்கா,” என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

அவள் குசினிப் பக்கம் திரும்பி, அங்கே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்தாள். “நீங்கள் குடுத்துவச்சனீங்கள். எனக்கு அவர் வாறார்தான். ஆனா ஆம்பிளையள் என்ன செய்யப்போயினம், நிண்டு பாக்கிறதுதானே.”

அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. கடையில் நாம் எடுத்து வைத்த சாமானை வேறொருத்தி தொட்டுப் பார்ப்பது போல இருந்தது. துணிகளை வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து மோந்து பார்த்தால் நல்ல சவர்க்கார மணம். அதற்கும் எரிச்சல் வந்தது.

ஒன்பது நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை, அக்கா கால் கழுவாமல் நேரே என் கதவடிக்கு வந்தாள். சுபோதினிக்கு ரத்தத்தில் சீனி கூடிவிட்டதாம். டேட் வரை விடமுடியாது, வியாழக்கிழமை மருந்து போட்டுப் பிரசவம் பார்ப்போம் என்று டொக்டர் சொல்லிவிட்டாராம். கார்த்திகனின் கப்பல் கரைக்கு வர இன்னும் இரண்டு வாரம். அம்மா பாலேஸ்வரி யாழ்ப்பாணத்தில். அப்பா நவரத்தினம் பாரிசவாதத்தில் படுக்கையில் கிடக்கிறார், பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடைத்தால்தான் அந்த அம்மா புறப்படலாம், அது வியாழனுக்குள் நடக்காது. ஆகவே மயிலம்மாக்காவைக் கேட்டிருக்கிறாள்.

“ஒனக்கு இன்னும் பதினாறு நாளு கெடக்கு ஜெயா. வியாழக்கெழம போயிட்டு மறுநாளே வந்துருவேன்,” என்றாள் அக்கா. “அந்தப் புள்ள பாவம், ஒத்தையா இருக்கு.”

கணக்கு சரியாகத்தான் இருந்தது. பதினாறு நாள் சின்ன இடைவெளி இல்லை. நல்ல மனது உள்ள எவளும் சரி அக்கா, போய்விட்டு வாருங்கள் என்றுதான் சொல்லியிருப்பாள். நானும் வாயால் அதைத்தான் சொன்னேன். ஆனால் புள்ள என்ற அந்தச் சொல் என் நெஞ்சில் தைத்துவிட்டது. அதுவரைக்கும் அவள் மிஸ். இந்தச் சந்தில் அக்கா புள்ள என்று கூப்பிட்டது என்னை மட்டும்தான். எல்லாம் இருக்கிறவளுக்கு என்னிடம் இருந்த ஒன்றும் வேண்டியிருக்கிறது என்று நினைத்தேன். மூன்று நாளும் சோறு இறங்கவில்லை. பொறாமையைச் சாப்பிட்டே வயிறு நிரம்பியிருந்தது.

இன்னொரு பயமும் கூடச் சேர்ந்துகொண்டது. முதலில் அவளுக்குக் கை கொடுத்துவிட்டால், அந்தத் தனி அறையையும் நேர்த்தியையும் பார்த்துவிட்டால், பிறகு என்னிடம் வரும்போது அக்காவுக்கு அலுத்துவிடாதா? அல்லது அங்கேயே பிள்ளை குளிப்பாட்ட நின்றுவிட்டால்? இப்படியெல்லாம் யோசிக்க எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

வியாழக்கிழமை விடிந்து ஆறு மணி. அக்கா கஞ்சி போட்டு மடித்த சேலை கட்டி, கொத்தமல்லித் தண்ணீர் ஊற்றிய பிளாஸ்க்கைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். கிருபாகரன் அவளை வெள்ளவத்தையில் விடுவதற்கு ஓட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். “அக்கா, வலிக்குது,” என்றேன்.

முன்கூட்டித் திட்டம் போட்டது என்று சொல்லமுடியாது. ஆனால் வாய் தவறி வந்தது என்று சொன்னால் அதுவும் பொய். வகுப்பில் படித்த மாதிரியே மூச்சை விட்டேன். கண்ணீர்கூட வந்தது, அது மட்டும் நிஜம். அக்கா கிட்டே வந்தாள். வழக்கம்போலக் குனிந்து என் காலைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு போனை எடுத்தாள்.

“மிஸ், என்னால வர முடியல. இங்க புள்ள வலின்னு சொல்லுது.”

 போனில் சுபோதினியின் குரல் எனக்கே கேட்டது. “பரவாயில்ல மயிலக்கா. அவவப் பாருங்கோ.”

ஆஸ்பத்திரியில் டொக்டர் பார்த்துவிட்டு, இன்னும் நேரம் இருக்கிறது, முதல் பிள்ளை என்பதால் ஒரு நாள் வார்டில் வைத்துப் பார்ப்போம் என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வார்டுக்குள் துணை ஆள் இருக்க முடியாது. லேபர் ரூமுக்குக் கொண்டுபோகும்போதுதான் கூப்பிடுவார்கள். அக்கா வெளியே போய்விட்டாள். என் கட்டில் ஜன்னலோரம். எட்டிப் பார்த்தால் மதில் ஓரத்துச் சீமெந்துக் கட்டின் மேலே, பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அந்தப் பக்கம் பஸ் நிற்கும் இடம்.

பத்து மணிக்கு அக்கா எழும்பிச் சேலையைத் தட்டினாள். பஸ் வரும் பக்கம் பார்த்தாள். நான் போனை எடுத்தேன். “அக்கா, திரும்ப வருது.” அவள் ஜன்னல் பக்கம் நிமிர்ந்து பார்த்தாள். “சரி புள்ள, இங்கனதான் இருக்கேன்,” என்றுவிட்டு உட்கார்ந்தாள்.

ஒரு மணிக்கு வெயில் அந்தக் கட்டுக்கே வந்துவிட்டது. மறுபடி எழும்பினாள். மறுபடி அழைத்தேன். மறுபடி உட்கார்ந்தாள். ஒரு தடவைகூட எப்படி வலிக்கிறது, எங்கே வலிக்கிறது என்று கேட்கவில்லை. பக்கத்துக் கட்டில் சிங்கள அக்கா அது உன் அம்மாவா என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நாள் முழுக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அக்கா என்னிடமும் இல்லை, சுபோதினியிடமும் இல்லை, வெயிலில் இருந்தாள். அவளிடம் இல்லை என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

அன்று பின்னேரம் மூன்று மணிக்குச் சுபோதினிக்கு மகன் பிறந்தான். என்னை வெள்ளிக்கிழமை காலையில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

சனிக்கிழமை அக்கா வெள்ளவத்தைக்குப் போனாள். புருஷனை ஒரு சொந்தக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு பாலேஸ்வரி அம்மா வந்து சேர்ந்திருந்தாராம். இனித் தாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டார். ஆறு வருடம் வேலை செய்த வீடு. அக்கா மத்தியானமே திரும்பி வந்து, வாசலில் உட்கார்ந்து நெத்தலிக் கருவாட்டுக்குத் தலை கிள்ளினாள். என்னிடம் அதைச் சொன்னது வேறு ஒருத்தி. சரி, இனி அங்கே போகமாட்டாள் என்று முதலில் ஓர் ஆறுதல் வந்தது. அந்த ஆறுதல் வந்த வேகத்தைப் பார்த்து எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. அக்காவோ முன்பு போலவே புள்ள என்றுதான் கூப்பிட்டாள். முகம் கொடுத்துப் பேசவே என்னால் முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை நடுப்பகலில், அரிசி களைந்துகொண்டிருக்கும்போது வலி வந்தது. வந்ததும் தெரிந்துவிட்டது. வகுப்பில் படித்த மூச்செல்லாம் எங்கேயோ போயிற்று. நான் கத்தவில்லை, அக்காவைக் கூப்பிடவும் இல்லை. கூப்பிட எனக்கு என்ன உரிமை என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தன் எதிர் வீட்டு வாசலிலிருந்து பார்த்தவள் அக்காதான். வந்தாள், குனிந்து காலைப் பார்த்தாள், உடனே பையை எடுக்க ஓடினாள். அவள் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

லேபர் ரூமில் அட்டையில் எழுதியிருந்த பெயரைச் சரிபார்த்து அக்காவை உள்ளே விட்டார்கள். நான் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தேன். அவள் ஒவ்வொரு விரலாகக் கழற்றித் தன் கையைக் கொடுத்தாள். வேலை செய்து காய்த்துப்போன கை. இரண்டு வலிகளுக்கு நடுவில், இதற்கு மேல் அடக்கமுடியாமல் சொல்லிவிட்டேன்.

“அக்கா, அன்னைக்கு நான் சொன்னது பொய்.”

“தெரியும் புள்ள.” முதுகை அழுத்திவிட்டுக்கொண்டே சொன்னாள். “நெச வலி வந்தா கால் பெருவெரலு தன்னால மடங்கும். அன்னைக்கு ஒனக்கு நேரா இருந்துச்சு.”

“தெரிஞ்சுமா இருந்தீங்க?”

“வலின்னு பொய் சொல்ற அளவுக்குப் பயந்து கெடக்குற புள்ளய எப்பிடி விட்டுட்டுப் போறது? அப்பிடித்தான் நெனச்சேன். சரியான்னு எனக்கும் தெரியல.” என் நெற்றி வியர்வையைத் துடைத்தாள். “அந்த வெள்ளவத்தப் புள்ள கட்டில் கம்பியத்தான் புடிச்சுக்கிட்டு இருந்துச்சாம்.”

அதற்குப் பிறகு எனக்குப் பேச நேரம் கிடைக்கவில்லை. ஐந்தரை மணிக்கு மகள் பிறந்தாள். நர்ஸ் காட்டியபோது எல்லோரும் முகத்தைப் பார்த்தார்கள். அக்கா மட்டும் காலைப் பார்த்தாள்.

மறுநாள் பார்க்க விடும் நேரத்தில் அக்கா வந்து என் அருகில் உட்கார்ந்தாள். பிள்ளை சவர்க்கார மணம் போகாத அந்த வெள்ளவத்தைத் துணியில் சுற்றிக் கிடந்தாள். எனக்கு அக்கா அங்கேயே இருக்கவேண்டும் போலிருந்தது. பிள்ளையைப் பார்த்துக்கொண்டு, என்னைப் புள்ள என்று கூப்பிட்டுக்கொண்டு, எங்கேயும் போகாமல்.

“அக்கா, நீங்க போயி சுபோதினி மிஸ்ஸப் பாத்துட்டு வாங்க,” என்றேன். “நான் பொய் சொன்னேன்னு சொல்லுங்க.”

அவள் என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை முகத்தை. “பாத்துட்டு வாரேன். மத்தத நீதான் வந்து சொல்லணும்,” என்று சொல்லி எழும்பினாள்.

இந்த வார்டிலும் ஜன்னலிலிருந்து அந்த மதில் தெரிந்தது. அக்கா சீமெந்துக் கட்டைத் தாண்டிப் போய் பஸ்ஸுக்கு நின்றாள். அங்கே போனதும் சுபோதினியின் பிள்ளையைத் தூக்குவாள், அந்தப் பெண்ணின் தலையைத் தடவுவாள், புள்ள என்பாள். போன் என் மடியில்தான் கிடந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், திரும்பி வந்துவிடுவாள். வெள்ளவத்தை பஸ் வந்தது. அவள் ஏறினாள். நான் அழைக்கவில்லை. பஸ் போன பிறகு குனிந்து பார்த்தேன். என் இரண்டு கால் பெருவிரலும் மடங்கியிருந்தன.